போன் பிடிக்கும் பூங்காவனம்

இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, கால்களைச் சற்று அகட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நிற்கிறாள் பூங்காவனம். கையில் மகனுடைய செல்போன். எதிரே உர மூட்டை அடுக்கும் கொட்டகையின் சுவர். அதில் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு சதுரம். சதுரத்துக்கு முன்னால் அறிவுச்செல்வன், மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே லுங்கியுமாக நின்று, "வணக்கம் மாணவர்களே" என்கிறான். போனில் இடுப்புக்கு மேலேதான் விழும் என்பதால் லுங்கி. மாணவர்கள் என்று அங்கே இருப்பது அவன் அம்மாவும், கட்டுத்தறியில் அசைபோடும் இரண்டு பசுக்களும்தான். பசுக்கள் அவனைப் பார்ப்பதில்லை.

முதலில் ஒரு ஸ்டாண்டு வாங்கினான். மூன்று கால் ஸ்டாண்டு. கன்றுக்குட்டி அதில் முதுகு சொறிந்துகொண்டதில் ஒரு கால் போயிற்று. இரண்டு காலில் நிற்கக்கூடிய ஒன்றைத் தேடியபோது அம்மா அகப்பட்டாள். பூங்காவனம் தினமும் விடியலில் வரப்பு வழியாகப் பால் சொசைட்டிக்குப் போகிறவள். விளிம்பு வரை பால் இருந்தாலும் தூக்குவாளியிலிருந்து ஒரு சொட்டுக் கீழே சிந்தாது. அந்தக் கையில் போன் ஆடுமா? "ஸ்டாண்டக் காட்டியும் நீ தேவலாமா" என்று மகன் பாராட்டினான். அவள் பெருமைப்பட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு, மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய கையோடு, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கிப் பிடிப்பது அவளுடைய வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

மகன் கணக்கில் பி.எஸ்சி., பி.எட். சொந்த ஊரான வடக்கனந்தலில் அவனுக்குப் 'பிளாக் போர்டு' என்று பெயர். யூடியூபில் 'அறிவு கணக்கு' என்று ஒரு சேனல் வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பு இயற்கணிதமும் புள்ளியியலும், ஒரு படி விடாமல், நிறுத்தி நிதானமாக. அப்படித்தான் முதல் வீடியோவில் சொன்னான்.

பூங்காவனம் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இயற்கணிதம் அவளுக்குப் புரிந்தது என்று சொன்னால் அது பொய். ஆனால் இத்தனை காலம் போனுக்குப் பின்னால் நின்றதில், அதைப்பற்றி அவளுக்கென்று சில தீர்மானமான கருத்துகள் உண்டாகியிருக்கின்றன.

எக்ஸ் என்பவன் அவளைப் பொறுத்தவரை ஓர் ஆள். காணாமல் போகிற ஆள். முதல் வரியில் தொலைவான். மகன் ஏழெட்டு வரி தேடி, கடைசி வரியில் பிடித்துக்கொண்டு வந்து, அடியில் இரண்டு கோடு போட்டு நிறுத்துவான். மறுநாள் பார்த்தால் அதே ஆள் மறுபடியும் காணோம்.

"நேத்திக்கித் தானடா எட்டுன்னு கண்டுபுடிச்ச. அதுக்குள்ள எங்க போனான்?"

"ம்மா, அது வேற எக்ஸு. இது வேற எக்ஸு."

"கையும் காலும் அதே மாதிரிதான் கீது."

ஒய் வருகிற கணக்குகள்மேல் அவளுக்குக் கொஞ்சம் பிரியம். தொலைந்தவனுக்குத் துணைக்கு இன்னொருத்தன் இருக்கிறானே என்ற ஆறுதல். மைனஸ் மட்டும் ஆகவே ஆகாது. மைனஸ் மூன்றையும் மைனஸ் நான்கையும் பெருக்கினால் பிளஸ் பன்னிரண்டு என்று மகன் எழுதிய அன்று போன் லேசாக ஆடிவிட்டது.

"இல்லாததயும் இல்லாததயும் பெருக்குனா எப்டிடா இருக்கறது ஆவும்?" என்று பதிவு முடிந்ததும் பிடித்துக்கொண்டாள். "அப்டி ஆவும்னா நம்ம வூடு இன்னேரம் மாடி வூடா ஆயிருக்கணும்."

வயதுக் கணக்கு வருகிற நாளில் கோபமே வரும். ஒரு தந்தையின் வயது மகனின் வயதைப் போல் நான்கு மடங்கு. ஐந்து ஆண்டுகள் கழித்து மூன்று மடங்கு. இருவரின் தற்போதைய வயது என்ன?

"இதுல அம்மாக்காரி எங்கடா?"

"புஸ்தகத்துல அப்டித்தாம்மா குடுத்துக்கீறாங்க."

"அப்பனும் புள்ளயும் உக்காந்து வயச எண்ணிக்கினு இருந்தா சோறு ஆக்கறது யாரு? செத்துட்டாளா? செத்துட்டாலும் ஒரு வரி போடணும் இல்ல."

மகன் போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

புள்ளியியலில் அவளுக்குப் பிடித்த ஒரே கணக்கு இடைநிலை. எண்களைச் சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும் வரிசையாக நிறுத்த வேண்டும். நடுவில் நிற்கிறவன்தான் விடை. காணாமல் போனவன் யாரும் இல்லை, எல்லோரும் ஆஜர். வரிசை கட்டுவதைப் பார்க்கும்போதே அவளுக்கு நிம்மதியாக இருக்கும். சமையலறையில் பாத்திரங்களையும் இப்போது சின்னதிலிருந்து பெரிசாகத்தான் கவிழ்க்கிறாள். சராசரியை அவள் மதிப்பதில்லை. "ஒருத்தன் கிட்ட இருக்கறத புடுங்கி ஊருக்கெல்லாம் பங்கு போட்டுட்டு, எல்லாருக்கும் அவ்ளோ கீதுன்னு சொல்றது ஒரு கணக்கா?" என்பது அவள் கட்சி.

ஆரம்பத்தில் இந்தக் கருத்துகளெல்லாம் பதிவு முடிந்த பிறகுதான் வரும். ஒருநாள் தவறி நடுவிலேயே வந்துவிட்டது. ஐந்து எக்ஸ் மைனஸ் ஏழு சமம் பதினெட்டு என்று எழுதினான் மகன். அடுத்த வரியில் ஐந்து எக்ஸ் சமம் இருபத்தைந்து என்று போட்டான்.

"டேய் டேய், இரு. அது எங்கருந்து வந்துச்சி?"

மாட்டுத் தொழுவத்தில் பேசிப் பழகிய குரல். சுவரில் பட்டுத் திரும்பியது. மகன் திடுக்கிட்டாலும் கோபிக்கவில்லை. "சரி, மொதல்லருந்து வருவோம்" என்று கையால் வரியை அழித்தான். "ரெண்டு பக்கமும் ஏழு கூட்டறேன். இந்தப் பக்கம் ஏழும் ஏழும் போச்சி. அந்தப் பக்கம் பதினெட்டும் ஏழும் இருவத்தஞ்சு." "அப்டி சொல்லு" என்றாள் அம்மா.

அதை வெட்ட மறந்து அப்படியே போட்டுவிட்டான். வழக்கமாக அவன் வீடியோவைப் பார்ப்பது அவனும், அவனோடு பி.எட். படித்த இரண்டு பேரும்தான். இதற்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் வந்து எழுதினார்கள். 'கரியாலூர் அபிநயா' என்ற பெயரில் ஒரு பெண் முதலில் எழுதியிருந்தாள்: "சார், நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். அந்த அம்மாவை எல்லா வீடியோவிலும் கேட்கச் சொல்லுங்கள்." அதற்குக் கீழே இன்னொருவர்: "அந்தம்மாவுக்குப் புரிஞ்சா எனக்கும் புரியுது." வேறொருவர்: "மாடு கத்துவதும் நன்றாக இருக்கிறது."

அறிவுச்செல்வனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் எழுத்துத் தமிழில் தயாரித்துப் பேசிய எதையும் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. அன்றைக்குச் சட்டம் போட்டான். ஒத்திகை பார்க்கும்போது அம்மா எது வேண்டுமானாலும் கேட்கலாம். பதிவு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது.

"தப்பா போட்டன்னா?"

"தப்பு வராதும்மா."

அது வரும் என்று அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் அவள் மகனிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம். கணக்கில் தடுமாறும்போது அறிவுச்செல்வனின் வலது கால் தானாகச் செருப்பைக் கழற்றும். கழற்றிவிட்டு இடது ஆடுசதையில் ஏறி, மேலும் கீழும் தேய்க்கும். ஐந்து வயதில், அவிக்க வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கைப் பாதி தின்றுவிட்டு "நான் தின்னல" என்று நின்றபோது தேய்த்த அதே கால். கணக்கு தப்பு என்று அவளுக்குத் தெரியாது. மகன் தப்பு என்று தெரியும். இதைச் சொல்லிவிட்டால் காலை அடக்கிக்கொள்வான். அப்புறம் தனக்கு என்ன துப்பு?

வாய் கூடாது என்றானதும் கையால் சொல்ல ஆரம்பித்தாள். கால் ஏறியதும் போனைப் பிடித்த கை இரண்டும் மெல்லக் கீழே இறங்கும். போன் மகனின் முகத்தை விட்டு, சட்டையை விட்டு, லுங்கியைக் காட்டும். அவன் திரும்பிப் பார்த்து, பலகையைப் பார்த்து, மைனஸை எங்கே விட்டோம் என்று தேடிக் கண்டுபிடித்துவிடுவான். இது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. அம்மா ரகசியமாக இயற்கணிதம் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அவன் நம்பத் தொடங்கினான்.

"எப்பா, அம்மாவுக்கு அடைப்புக்குறியெல்லாம் தெரியுதுப்பா."

அப்பா சின்னராசு கரும்புக்கு மடை திருப்பிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். மகனையும் பார்த்தார், மனைவியையும் பார்த்தார். "பி.எட். படிக்க வெச்சது செவுத்துக்குப் பாடம் நடத்தவா?" என்றார். "இன்னாமே, நீயும் அவங்கூட சேர்ந்துக்கினு. மாட்டுக்குத் தவுடு வெச்சியா?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. சுவருக்கு முன்னால் ஆற்றொழுக்காகப் பேசுகிற பிள்ளை, ஆட்களுக்கு முன்னால் நின்றால் உலர்ந்துபோகிறான். கள்ளக்குறிச்சியில் இரண்டு தனியார் பள்ளிகளுக்கு டெமோ வகுப்பு எடுக்கப் போனான். இரண்டு இடத்திலும் முதல் கணக்கின் நடுவில் ஒரு தப்பு. தப்பு என்று தெரிந்ததும் அழித்ததையே அழித்துக்கொண்டு நின்றான். இரண்டு இடத்திலும் ஒரே வாசகம்: "போதும் தம்பி, சொல்லி அனுப்பறோம்." யாரும் சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவதாக மலையிலிருந்து அழைப்பு வந்தது. கரியாலூரில் ஓர் அரசுப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியர் வேலை. தலைமையாசிரியரும், பெற்றோர்கள் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவும் பார்க்க, வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

"இதுவும் இல்லன்னா திருப்பூருக்குப் போறன்" என்று மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "பனியன் கம்பெனியில கீற என் கூட்டாளி சரத்து கூப்புட்டுக்கினே கீறான். பிளாக் போர்ட சுண்ணாம்பு அடிச்சிருங்க."

சின்னராசு குழம்பை எடுத்து ஊற்றிக்கொண்டார். பூங்காவனம் தட்டை ஒதுக்கி வைத்தாள். அந்தக் கறுப்புச் சதுரத்தில் சுண்ணாம்பு அடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் பார்த்தால் அவளும் சேலை மாற்றி, பையில் எலுமிச்சம்பழத்தோடு நின்றாள்.

"நீ எதுக்குமா?"

"மலை பஸ்ல வாந்தி எடுப்ப. யாரு தல புடிக்கறது?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். சின்னராசு மாட்டை அவிழ்த்துக்கொண்டே, "வாத்தியாரு வேலக்கிப் போறவன் அம்மாவ கூட்டிக்கினு போ. பள்ளிக்கூடத்துல சேக்க வந்தாங்கன்னு பேர எழுதிக்கப் போறாங்க" என்றார். சொல்லிவிட்டு, வழியில் சாப்பிட இரண்டு வாழைப்பழத்தை மகனுடைய பையில் அவரே வைத்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதையில் முதல் வளைவு வந்ததுமே அறிவுச்செல்வனின் முகம் வெளுத்தது. பூங்காவனம் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவன் மூக்கில் வைத்தாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தவர் நின்று பார்த்தார்.

"தம்பி எங்கம்மா போவுது?"

"கரியாலூரு பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்க."

"பாடத்துக்கு முன்னாடி வேற இன்னாத்தயோ எடுத்துடும் போலக்கீது. சன்னல் பக்கம் மாத்தி உக்கார வெய்ங்க."

எடுத்தது. இரண்டு தடவை. மேலே இறங்கியபோது சிலுசிலுவென்று மழை. பள்ளி வாசலில் பிள்ளைக்கு முகம் கழுவிவிட்டு, தலையைச் சீவச் சொல்லிவிட்டு, அவள் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றாள். சாரல் அங்கேயும் அடித்தது. தலைமையாசிரியர் நாராயணசாமி குடையை மடக்கியபடி வந்தவர், "வெளியில ஏன் நனையறீங்க? உள்ள வந்து உக்காருங்கம்மா" என்று, குழுவில் உள்ள தாய்மார்களில் ஒருத்தி என்று நினைத்துக் கடைசி பெஞ்சைக் காட்டினார். பூங்காவனம் மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தாள்.

பெஞ்சில் ஏற்கெனவே குழுத் தலைவி இருந்தார். கடுக்காய் பொறுக்கப் போன இடத்திலிருந்து நேரே வந்திருந்தார். கூடை காலடியில் இருந்தது.

"எந்த ஊரு?"

"மலைக்குக் கீழ, வடக்கனந்தல்."

"இங்க எந்தப் புள்ள உன்னுது?"

"தோ, நிக்குதே. சாக்பீஸ் வெச்சிக்கினு. அதான்."

தலைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவரை விட வேகமாக முன் பெஞ்சில் ஒரு பெண் திரும்பினாள். பூங்காவனத்தின் முகத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் குரல்? பக்கத்தில் இருந்தவளின் இடுப்பில் முழங்கையால் இடித்து, "ஏய், அந்தம்மாடி. 'அது எங்கருந்து வந்துச்சி' அம்மா" என்றாள். மூன்று நான்கு தலைகள் ஒன்றாகத் திரும்பின. பூங்காவனம் வெட்கப்பட்டு முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"அபிநயா, பலகையப் பாரு" என்றார் தலைமையாசிரியர். அறிவுச்செல்வனிடம், "வயசுக் கணக்கு ஒண்ணு போடுங்க சார். பசங்க அதுலதான் வழுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அறிவுச்செல்வன் பலகையில் எழுதினான். அவன் கை எழுத எழுதப் பூங்காவனம் எழுத்துக் கூட்டினாள். ஒரு... தா... யின்... வயது. அவள் மறுபடி கூட்டிப் பார்த்தாள். தந்தை இல்லை. தாய்தான். ஒரு தாயின் வயது மகனின் வயதைப் போல் இரண்டு மடங்கு. பத்து ஆண்டுகளுக்கு முன் மூன்று மடங்கு. இருவரின் தற்போதைய வயது என்ன?

"வந்துட்டாளா" என்று பூங்காவனம் வாய்க்குள் சொன்னாள். தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"மகனின் வயது எக்ஸ் என்க. தாயின் வயது இரண்டு எக்ஸ். பத்து ஆண்டுகளுக்கு முன்னால் மகனின் வயது எக்ஸ் மைனஸ் பத்து. தாயின் வயது இரண்டு எக்ஸ் மைனஸ் பத்து." குரல் கொட்டகையில் வருவதுபோலவே வந்தது. பூங்காவனம் தன்னை அறியாமல் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இல்லாத போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். "எனவே, இரண்டு எக்ஸ் மைனஸ் பத்து, சமம், மூன்று பெருக்கல் அடைப்புக்குள் எக்ஸ் மைனஸ் பத்து. அடைப்பை நீக்கினால், மூன்று எக்ஸ் மைனஸ் பத்து."

வலது கால் ஷூவை உதற முடியாமல், ஷூவோடு ஏறியது. இடது ஆடுசதையில் பேண்டின்மேல் சேற்றுக் கோடு விழுந்தது.

பூங்காவனம் கைகளைத் தாழ்த்தினாள். அவன் பார்க்கவில்லை. இன்னும் தாழ்த்தினாள், பெஞ்சு விளிம்பு வரை. அவன் பலகையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டே போனான். தலைமையாசிரியர் பேனாவின் மூடியைக் கழற்றினார். கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பிள்ளை வாயால் கேட்டிருக்கிறாள். இந்த இடத்தில்தான் அங்கேயும் பேனா மூடி கழன்றிருக்க வேண்டும். கைகளை மடி வரை இறக்கி, உதறி, மறுபடியும் இறக்கினாள்.

"கை மரத்துடுச்சா?" என்றார் தலைவி கிசுகிசுப்பாக. கேட்டவர், அவளுடைய விரல்களைப் பிடித்து நீவியும் விடத் தொடங்கினார். பூங்காவனம் திணறிப்போனாள்.

"இருபுறமும் மைனஸ் பத்து நீங்குகிறது. இரண்டு எக்ஸ் சமம் மூன்று எக்ஸ். எனவே எக்ஸ் சமம்..." சாக்பீஸ் நின்றது. அது எழுத மறுப்பதுபோல் சற்று நேரம் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக ஒரு வட்டம் போட்டது. "...பூஜ்யம்."

"சார்" என்றான் ஜன்னலோரத்தில் ஒருவன், "புள்ளைக்கி சைபரு வயசுன்னா அம்மாவுக்கும் சைபருதான் சார். ரெண்டு பேரும் இன்னும் பொறக்கவே இல்ல."

வகுப்பு சிரித்தது. குழுத் தலைவி, "அப்ப கணக்கு சொன்னது யாரு?" என்று கேட்டு மேலும் சிரித்தார். அறிவுச்செல்வனின் கை பலகையைத் துடைக்கத் தூக்கிய இடத்திலேயே நின்றது. பிறகு போட்ட வட்டத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கத் தொடங்கியது. திருப்பூர் பஸ் புறப்படுகிற சத்தமே பூங்காவனத்தின் காதில் கேட்டது.

முன் பெஞ்சில் அபிநயா எழுந்தாள்.

"சார், மூணு எக்ஸ் சரி. அந்தப் பத்து எங்கருந்து வந்துச்சி?"

அவன் கை நின்றது. அந்தக் கேள்வி எத்தனை மாலைகளில், எத்தனை ஒத்திகைகளில், பசுக்களின் மூத்திர வாசனையோடும் மோட்டார் சத்தத்தோடும் அவன் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு அவன் வாயில் ஒரே பதில்தான் உண்டு. யோசிக்காமல் வந்தது.

"சரி, மொதல்லருந்து வருவோம்."

உள்ளங்கையாலேயே வரியை அழித்தான். "வெளிய நிக்கற மூணு, உள்ள இருக்கற எல்லாரயும் பெருக்கணும். எக்ஸ மட்டும் பெருக்கிட்டு பத்த உட்டுட்டு வந்துட்டேன். ஒரே வூட்ல ஒருத்தருக்கு சோறு போட்டு ஒருத்தர பட்டினி போடறாப்ல. இப்பச் சொல்லுங்க, மூணு பத்து?"

"முப்பது" என்றது வகுப்பு.

எழுத்துத் தமிழ் போன இடம் தெரியவில்லை. அது போனதை அவனும் கவனிக்கவில்லை. இரண்டு எக்ஸ் மைனஸ் பத்து சமம் மூன்று எக்ஸ் மைனஸ் முப்பது. எக்ஸைக் கூட்டிக்கொண்டு ஒரு பக்கம் வந்தான், எண்களை மறுபக்கம் அனுப்பினான். எக்ஸ் சமம் இருபது. அம்மாவுக்கு நாற்பது.

"சரிபாருங்க" என்றார் தலைமையாசிரியர்.

"பத்து வருசத்துக்கு முன்னாடி புள்ளைக்கி பத்து, அம்மாவுக்கு முப்பது. மூணு மடங்கு."

"இருவது வயசுல பெத்துக்கீறா" என்றார் தலைவி, விடை சரி என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை என்ற குரலில். பூங்காவனமும் அறிவுச்செல்வனைப் பெற்றபோது இருபதுதான். அதை இவரிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். கை இன்னும் அவர் பிடியில் இருந்தது. மெல்ல உருவிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் பேனாவைக் கையில் வைத்திருந்தார், எதுவும் எழுதவில்லை. 'போதும் தம்பி' என்ற வார்த்தை வருகிறதா என்று பூங்காவனம் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளியியல்ல ஒண்ணு பாப்போம் சார்" என்றார் அவர். "இடைநிலை."

இரண்டாவது கணக்கு வரைக்கும் அவன் எங்கேயும் போனதில்லை. அறிவுச்செல்வன் பிள்ளைகளிடம் திரும்பினான். "உங்க வூட்ல எத்தன கோழி கீது? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க." கைகள் முண்டியடித்து எழுந்தன. நாலு சார். ஒம்பது சார். ரெண்டுதான் சார், மீதி கீரி தூக்கிட்டுப் போயிடுச்சி. ஏழு. அஞ்சு. அவன் சிரித்துக்கொண்டே சொன்ன வரிசையில் சொன்னபடியே எழுதினான்: 4, 9, 2, 7, 5.

"அஞ்சு பேரு. நடுவுல நிக்கறவன் யாரு?"

சாக்பீஸ் நேராக இரண்டை நோக்கிப் போயிற்று. பூங்காவனம் எண்களைப் பார்த்தாள். எல்லாரும் கலைந்து நிற்கிறார்கள், வரிசையே கட்டவில்லை. அவளுக்கே தெரிந்த கணக்கு. அங்கே ஷூ தரையை விட்டுக் கிளம்பி, ஆடுசதையில் பழைய சேற்றுக் கோட்டின்மேல் ஏறியது. இங்கே முழங்கைகள் விலாவில் ஒட்டின. இரண்டு கையும் தாமாக மார்புக்கு நேரே எழும்பின.

பூங்காவனம் முன் பெஞ்சில் நிமிர்ந்திருந்த அபிநயாவின் தலையைப் பார்த்தாள், கைகளைக் கீழே கொண்டுவந்தாள். உள்ளங்கைகளைப் பெஞ்சில் பதித்து, உடம்பைச் சற்றுத் தூக்கி, இரண்டு கைகளின்மேலும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள்.